வார்னிஷுக்கு முந்தைய வேலை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் மார்பிள்ஹெட் என்றொரு சிற்றூர். அங்கே ரெட்ஸ் பாண்ட் என்று ஒரு குளம் இருக்கிறது. 1692-ல் சேலம் சூனிய வழக்குகளில் தூக்கிலிடப்பட்ட வில்மட் ரெட் என்ற பெண்மணியின் பெயர்தான் குளத்துக்கும். ஆனால் படகுப் பிரியர்கள் அந்தக் குளத்தை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக: மாதிரிப் பாய்மரப் படகுப் பந்தயம்.

1930-ல் ராய் கிளஃப் என்ற உள்ளூர்க்காரர் பந்தயத்துக்கென்று ஒரு புது வகையை வகுத்தார். விதி சுருக்கமானது. படகின் நீளம் 50 அங்குலம். பாய்களின் பரப்பு 800 சதுர அங்குலம். மற்றதெல்லாம் கட்டுகிறவர் சாமர்த்தியம். நாலடி இரண்டங்குலம் என்றால் காரின் பின்சீட்டில் குறுக்கே வைத்துக் கொண்டு போய்விடலாம் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பார்கள். ஊர்ப் பெயராலேயே ‘மார்பிள்ஹெட் வகை’ என்று அது பல நாடுகளுக்கும் பரவியது. 1937-ல் சர்வதேச வகையாகவும் ஏற்கப்பட்டது. இன்று பந்தயத்தில் ஓடுபவை பெரும்பாலும் அச்சில் வார்த்தெடுத்த கார்பன் இழைப் படகுகள். ஆனாலும் மரத்தில், கையால், வீட்டுப் பின்கட்டில் கட்டுகிறவர்கள் அற்றுப்போகவில்லை. அவர்களில் எவரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்: உடலைக் கட்டுவது பாதி வேலை, அதை ‘முடிப்பது’ மறு பாதி.

கட்டுவதற்கு இரண்டு வழிகள் பரவலாக உண்டு. படகைக் கிடைமட்டமாக அடுக்கடுக்காக அறுத்தால் ஒவ்வொரு மட்டத்திலும் என்ன வடிவம் கிடைக்குமோ, அந்த வடிவத்தில் பலகைகளை வெட்டி, நடுவைக் குடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டுவது முதல் வழி. பிரிட்டிஷ்காரர்கள் இதற்கு ‘ரொட்டியும் வெண்ணெயும்’ என்று பெயரிட்டார்கள். பலகை ரொட்டி, பசை வெண்ணெய். பசை காய்ந்து இறுக்கிகளைக் கழற்றும்போது கையில் இருப்பது படகு அல்ல, படிக்கட்டு. அந்தப் படிகளை உளியாலும் இழைப்புளியாலும் சீவ வேண்டும். எதுவரை சீவுவது? படியின் உள்மூலையில் தெரியும் பசைக் கோடுதான் வரைபடத்தில் உள்ள உண்மையான வளைவு. மூலை மறைகிற கணத்தில் நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஓர் இழுப்பு இழுத்தாலும் படகு வரைபடத்தைவிட ஒல்லியாகிவிடும்.

இரண்டாவது வழியில், ஏராவின் (அடிமரத்தின்) மேல் வங்குகளை (விலாச் சட்டங்களை) வரிசையாக நிறுத்தி, 3 மில்லிமீட்டர் கனமும் 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள மெல்லிய பட்டைகளை அணியத்திலிருந்து பின்புறம் வரை வளைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். செந்நிற சீடார் மரம் இதற்கு விருப்பமானது. எடை குறைவு, வளைக்கவும் எளிது. (ஆனால் அதன் தூளில் உள்ள ஓர் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். முகமூடி இல்லாமல் தேய்க்க உட்காரக் கூடாது.) ஒவ்வொரு பட்டையும் தட்டையானது என்பதால் உடலின் வளைவு முழு வளைவாக இராது, சின்னச் சின்ன முகப்புகளாக இருக்கும். பட்டைகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு மெல்லிய வரப்பு.

இந்தக் கட்டத்தில் உடலைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் புதியவர்களுக்கு வேலை முடிந்தது போலவே தோன்றும். ஒரு கை வார்னிஷ் அடித்துவிட்டால் போதுமே என்று கை பரபரக்கும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. வார்னிஷ் எதையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். சொரசொரப்பான மரத்தில் வெளிச்சம் சிதறிப்போவதால் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தப்பிவிடும். அதே இடம் பளபளப்பானதும் கண்ணாடியாகிவிடுகிறது. மேலே தொங்கும் ட்யூப்லைட்டின் பிம்பம் படகின் விலாவில் நேராக ஓடாமல் ஓரிடத்தில் நெளிந்தால், அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். அரை மில்லிமீட்டர்கூட இராது, கண் கண்டுபிடித்துவிடும். கறுப்பும் கருநீலமும் அடித்த படகில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். வெள்ளை கொஞ்சம் இரக்கம் காட்டும். பழைய படகுகளில் வெள்ளை அதிகம் தென்படுவதற்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணம் என்று நம்பிவிட வேண்டியதில்லை.

வளைவைச் சீராக்கும் வேலைக்குக் கருவி எதுவும் பெரிதாக வேண்டாம், பொறுமை வேண்டும். பலரும் செய்யும் தவறு, உப்புத்தாளை மடித்து விரல்களுக்கு அடியில் வைத்துத் தேய்ப்பது. விரல் இருக்கும் இடம் அதிகம் தேயும். விரலுக்கும் விரலுக்கும் நடுவே தேயாது. பள்ளத்தைச் சரிசெய்யப் போய்ப் புதுப் பள்ளங்களைத் தோண்டிவிட்டு வருவார்கள். தெரிந்தவர்கள் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய பிளைவுட் பட்டையை எடுத்து, அதில் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு முனைகளையும் பிடித்துப் படகின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைத்து இழுப்பார்கள். நீளமான பட்டை பள்ளத்துக்குள் இறங்காது. மேட்டை மட்டும் உரசும். இழுப்பு நீளவாக்கிலும் இல்லை, குறுக்கேயும் இல்லை, சாய்வாக. ஒரு சுற்று இந்தப் பக்கச் சாய்வு, அடுத்த சுற்று எதிர்ப்பக்கச் சாய்வு.

மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய உபாயம். பென்சிலால் உடல் முழுக்கக் கோணல்மாணலாகக் கிறுக்கிவிட்டுத் தேய்ப்பார்கள். கிறுக்கல் அழிந்த இடம் மேடு. அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். பிறகு மறுபடி கிறுக்கல், மறுபடி தேய்ப்பு. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு டார்ச்சை உடலோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் மிச்சமிருக்கும் வரப்புகள் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். கடைசிப் பரிசோதனை உள்ளங்கைக்கு. கண்ணை மூடிக்கொண்டு அணியத்திலிருந்து பின்முனை வரை ஒரே தடவலாகத் தடவிப் போவார்கள். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தட்டுப்படும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதற்கு மட்டும் கையை நம்ப முடியாது. அதற்கு வரைபடத்தின் குறுக்குவெட்டுகளை அட்டையில் வெட்டி, குறித்த இடங்களில் பொருத்திப் பார்ப்பார்கள்.

தாளின் எண்ணிலும் ஒழுங்கு உண்டு. 80-ல் தொடங்கி 120, 180, 240 என்று ஏற வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால், முரட்டுத் தாள் போட்ட கீறலை நைஸ் தாள் அழிக்க முடியாமல் திணறும். அந்தக் கீறல் வார்னிஷுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

பள்ளத்தை அடைக்கும் பட்டியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெட்டியான பட்டிதான் நல்லது என்று தோன்றும். உண்மை நேர் எதிர். சுற்றியுள்ள மரத்தைவிடப் பட்டி கடினமாக இருந்தால், தேய்க்கும்போது மரம் கரைந்து பட்டி மட்டும் மேடாக நிற்கும். அதனால்தான் எபாக்சிப் பிசினில் நுண்ணிய உள்ளீடற்ற கண்ணாடிக் குமிழ்களைக் கலந்து, வேண்டுமென்றே இளக்கமான பட்டி தயாரிக்கிறார்கள். பசைக் கோடுகளிலும் இதே தொல்லைதான். வெள்ளைப் பசை தேய்ப்பின் சூட்டில் இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். வெளிப்பக்கம் வழிந்த பசையை ஈரமாக இருக்கும்போதே துடைக்காதவர், பின்னால் அதற்கு வட்டி கட்டுவார்.

சுத்தியலோ இறுக்கியோ பட்டு அமுங்கின இடத்துக்குப் பட்டியே வேண்டாம். ஈரத் துணியை அதன்மேல் போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் வைத்து எடுத்தால், நசுங்கின நார்கள் நீராவியில் உப்பி எழுந்துவிடும். நார் அறுந்திருந்தால்தான் இது பலிக்காது. வழவழப்பாகத் தேய்த்து முடித்த உடலை ஈரத் துணியால் ஒருமுறை வேண்டுமென்றே நனைப்பதும் உண்டு. காய்ந்ததும் மரம் பூனைமுடி போலச் சிலிர்த்துக்கொள்ளும். அதை நைஸ் தாளால் ஒரு தடவு தடவி எடுத்துவிட்டால் பிறகு வார்னிஷ் பட்டுச் சிலிர்க்க ஒன்றும் மிஞ்சாது.

இனி தண்ணீரின் பக்கம். மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக நீளாது. ரேகைக்குக் குறுக்கேதான் ஊதும். வெயிலில் சுருங்கும். ஊதிச் சுருங்கி, ஊதிச் சுருங்கி, இணைப்புகள் வாய் பிளக்கும். வெளிப்பக்கம் மட்டும் கனமாகப் பூசி உள்பக்கத்தை வெறும் மரமாக விட்டால், ஈரம் உள்ளே புகுந்து ஒரு பக்கம் மட்டும் ஊதும், உடல் முறுக்கிக்கொள்ளும். ஆகவே மேல்தளத்தை ஒட்டுவதற்கு முன்பே உள்பக்கத்தைப் பூசிவிட வேண்டும். பிறகு அங்கே தூரிகை போகாது. மாதிரிப் படகு என்றால் மரத்தின் கனமே சில மில்லிமீட்டர்தான் என்பதால் இந்தப் பாதிப்பு பெரிய படகைவிட வேகமாகத் தெரியும்.

பெரிய மரக்கலங்களுக்கு நம் பக்கத்திலும் இதற்கென்று கைவேலை இருந்தது. பலகை இடுக்குகளில் நாரைத் திணித்துக் கலப்பற்று அடிப்பார்கள்; குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள்; மீன் எண்ணெயும் புன்னை எண்ணெயும் மரத்துக்கு ஊட்டுவார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்டில் அட்லாண்டிக்கைத் தாண்டி மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. அங்கிருந்து மார்பிள்ஹெட் சுமார் 20 கிலோமீட்டர். அந்த ஊர்க் குளத்தில் 50 அங்குலப் படகுகள் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம்.

மேஜை நாற்காலிக்குப் பளபளப்பு ஏற்றும் அவல் அரக்கு, இந்தியாதான் உலகுக்கு அதிகம் தரும் சரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் அரக்குப் பூச்சி சுரப்பது. மரத்தை அடைத்து மூடுவதற்கு, அதாவது முதல் பூச்சாக, அருமையானது. ஆனால் அதையே கடைசிப் பூச்சாக விட்டால் தண்ணீர் பட்டு வெளுத்துப் பூத்துவிடும். அலமாரிக் கப்பலுக்கு அரக்கு சரி. குளத்தில் இறங்கும் படகுக்கு அது மட்டும் போதாது.

இன்று பெரும்பாலோர் நம்புவது எபாக்சியை. மரப் படகையும் எபாக்சியையும் முழுமையாகச் சேர்த்து வைத்ததில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து பே சிட்டியில் 1969-ல் தொழில் தொடங்கிய குஜான் சகோதரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பனிக்கட்டி ஏரிகளில் சறுக்கியோடும் பாய்ப்படகுகளைக் கட்டியவர்கள் அவர்கள். மரத்தைச் சுற்றி உள்ளும் புறமும் பிசினால் மூடி, ஈரம் போய்வருவதையே மட்டுப்படுத்துவது அவர்கள் வழி. மாதிரிப் படகுக்காரர்கள் இதோடு மெல்லிய கண்ணாடி இழைத் துணியையும் சேர்ப்பார்கள். சதுர மீட்டருக்கு 25 முதல் 50 கிராம் எடையுள்ள, கைக்குட்டையைவிட மெல்லிய துணி. உலர்ந்திருக்கையில் வெள்ளையாக இருக்கும் அது, பிசினில் நனைந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடும். மரத்தின் ரேகை பழையபடி தெரியும். ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வழித்துக்கொண்டே போனால் அதிகப்படிப் பிசின் வெளியேறும். வழிக்காமல் விட்ட பிசின் பலம் தராது, எடைதான் தரும்.

நேரம் பார்த்துப் பூசுவது ஒரு கலை. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். ஈரப் பிசினில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். மாலையில், சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் காற்று சுருங்கும்; மரமே பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே பிசின், அதே தூரிகை, நேரம் மட்டும் வேறு. காய்ந்த எபாக்சியின் மேல் சில சமயம் மெழுகு போல வழுக்கலான ஒரு படலம் படியும். தேய்த்தால் போய்விடும் என்று உப்புத்தாளை எடுத்தால் அந்த மெழுகு கீறல்களுக்குள் அப்பிக்கொள்ளும். அடுத்த பூச்சு ஒட்டாது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும், அதைக் கழுவ. கழுவிய பிறகுதான் தேய்ப்பு.

எபாக்சியோடு நிறுத்திவிடவும் முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. மஞ்சளித்து, நாளாவட்டத்தில் சுண்ணாம்பு போல உதிரும். அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படகு வார்னிஷோ பெயின்ட்டோ குடை பிடிக்க வேண்டும்.

பெயின்ட் என்றதும் நீர்க்கோடு வருகிறது. படகு மிதக்கும்போது தண்ணீர் தொடும் மட்டத்தைச் சுற்றி ஒரு பட்டை வரைவது வழக்கம். ஸ்கேலை உடலோடு வைத்து அளந்தால் நிச்சயம் கோணும், ஏனென்றால் உடல் வளைந்தது. சமமான மேஜையில் படகைத் தாங்கியில் நிமிர்த்தி, ரசமட்டம் வைத்து நேராக்கி, ஒரு மரக்கட்டையில் பென்சிலை உரிய உயரத்தில் கட்டி, கட்டையை மேஜைமேல் நகர்த்திக்கொண்டே படகைச் சுற்றி வர வேண்டும். பட்டையின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் தனித்தனிச் சுற்று. இங்கே ஒரு வேடிக்கை. நடுப்பகுதியில் விலா செங்குத்தாக இருப்பதால் 6 மில்லிமீட்டர் உயரப் பட்டை 6 மில்லிமீட்டராகவே இருக்கும். பின்புறத்தில் அடிப்பகுதி தட்டையாகப் படுத்து மேலேறுமிடத்தில் அதே பட்டை உடலின்மேல் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக விரியும். தப்பாக வரைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். இல்லை, கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அதுதான் ஒரே அகலமாகத் தெரியும். ஒரே அகலத்தில் டேப்பை ஒட்டிப் பெயின்ட் அடித்த படகில் பட்டை பின்னால் போகப் போக இளைத்துவிட்டதாகத் தோன்றும்.

டேப் ஓரத்தில் பெயின்ட் கசியாமல் இருக்க, முதலில் அடியில் உள்ள நிறத்தையே டேப்பின் விளிம்பில் மெல்லத் தீற்றுவார்கள். கசிவதானால் அது கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அடுத்து வரும் நிறம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை உரிக்க வேண்டும்.

வார்னிஷ் அடிக்கும் நாள் ஒருவழியாக வரும். முதல் பூச்சில் டர்பன்டைன் சரிபாதி கலந்து நீர்க்க அடிப்பார்கள், மரத்துக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக. (எபாக்சி பூசிய உடலுக்கு இது தேவையில்லை.) அடுத்தடுத்த பூச்சுகளுக்கு நடுவே 320 அல்லது 400 எண் தாள். தேய்ப்பது வழவழப்புக்கு மட்டுமல்ல, மேல் பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கவும்தான். எதிரி, தூசி. தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்தி, சட்டையில் இருக்கும் பஞ்சைக்கூட உதறிவிட்டு வந்து உட்காருபவர்கள் உண்டு. அவர்களும் ஒரு கொசுவிடம் தோற்பார்கள். ஈர வார்னிஷில் விழுந்த கொசுவை அப்போதே எடுக்கப் போனால் சேதம் பெரிதாகும். காயவிட்டுத் தேய்ப்பதே நல்லது.

ஆளிவிதை எண்ணெய் கலந்த வார்னிஷ் துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவது ஆபத்து. எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறப்போடவோ விரித்துக் காயவைக்கவோ வேண்டும்.

இவ்வளவு மெருகும் படகை வேகமாக ஓட்டுமா? குளக்கரைகளில் இன்னும் ஓயாத வாதம் இது. மெழுகு தேய்த்துக் கண்ணாடியாக்கினால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும் என்பது ஒரு கட்சி. இதற்கான விடை 1870-களிலேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் தன் வீட்டருகே நீண்ட நீர்த்தொட்டி கட்டிய வில்லியம் ஃப்ரூட், 2 அடி முதல் 50 அடி வரை நீளமான பலகைகளைத் தண்ணீருக்குள் இழுத்துப் பார்த்தார். சிலவற்றில் வார்னிஷ், சிலவற்றில் பாரஃபின் மெழுகு, சிலவற்றில் வெள்ளீயத்தகடு, சிலவற்றில் காடாத்துணி, சிலவற்றில் ஒட்டிய மணல். நீளமான பலகைகளில் வார்னிஷுக்கும் மெழுகுக்கும் தகட்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. காடாத்துணியும் மணலும் ஒட்டிய பலகைகளோ ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவை காட்டின.

மேற்பரப்பை ஒட்டிய தண்ணீர் அந்த மேற்பரப்போடு ஒட்டிக்கொண்டேதான் வருகிறது. மெழுகு பூசினாலும் அது வழுக்குவதில்லை. சொரசொரப்பு ஓர் அளவுக்கு மேல் துருத்தினால்தான் இழுவை கூடும். 4 அடி நீர்க்கோடுள்ள படகு சாதாரணமாக எட்டக்கூடிய வேகம் நொடிக்கு 1.4 மீட்டர் அளவில். அந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மேடுகளைத் தண்ணீர் கண்டுகொள்வதே இல்லை. 80 எண் தாளின் துகள் 0.2 மில்லிமீட்டர், அதன் கீறல்களோடு விட்டால் ஆபத்து. 400 எண் தாளின் துகள் 0.035 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் தேய்ப்பதெல்லாம் படகுக்கல்ல, படகுக்காரருக்கு.

வளைவில் ஒரு வீக்கம் இருந்தால் கதை வேறு. அங்கே ஓட்டம் கலையும், இழுவை கூடும். எந்த மெருகும் அதை ஈடுகட்டாது. எடையும் அப்படித்தான். துணியின் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான பிசின் ஏறும். அதன்மேல் பட்டி, பெயின்ட், நாலைந்து கை வார்னிஷ். படகு தன் நீர்க்கோட்டிலேயே மிதக்க வேண்டுமானால், உடலில் ஏறிய ஒவ்வொரு கிராமையும் அடியில் தொங்கும் ஈயக் குண்டிலிருந்து குறைக்க வேண்டும். காற்றில் படகைச் சாயாமல் நிமிர்த்தி வைப்பது அந்தக் குண்டுதான். அதனால் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் உடலைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்கிறார்கள்.

பலர் நீர்க்கோட்டுக்குக் கீழே 400 அல்லது 600 எண் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மங்கலாகவே விட்டுவிடுகிறார்கள். கோட்டுக்கு மேலே முகம் பார்க்கும் வார்னிஷ். கோடையில் ஓடி முடித்த படகில் பிசின் மேலும் இறுகி, துணியின் நெசவு லேசாக மேலே தெரியத் தொடங்கும். முனைகளில் மோதின காயங்களும் இருக்கும். கரையில் இடித்த அணியத்தில் வார்னிஷ் பெயர்ந்து மரம் தெரிந்தால், மறுபடி வார்னிஷ் அடிப்பதற்கு முன் ஒரு வேலை: அந்த இடத்தை முழுக்கக் காயவிட்டுப் பிசினால் அடைப்பது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அடுத்த பருவத்துக்குள் அங்கே மரம் கறுத்திருக்கும்.